ஏற்றக்கூடாத விளக்கு

எங்கள் சங்கத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். விளக்கை ஏற்றக் கூடாது. பழைய ரயில்வே எண்ணெய் விளக்குகளைத் தேடித் தேடிச் சேர்க்கிற இருபத்தேழு பேர் முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்ட சட்டம் அது. ஏற்றினால் கரி பிடிக்கும், கரி பிடித்தால் மதிப்புப் போகும், சூட்டில் கண்ணாடி விரிந்தால் மொத்தமும் போகும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இருபத்தாறு பேர் அதை வேதவாக்காக வைத்திருக்கிறார்கள். இருபத்தேழாவது ஆள் நான்.

என் வீட்டில் நாற்பத்து மூன்று விளக்குகள் இருக்கின்றன. ரயில் கார்டு கையில் பிடித்து ஆட்டியது, கடைசிப் பெட்டியின் முதுகில் தொங்கியது, கேட்டில் மாட்டியது, சிக்னல் கம்பத்தின் உச்சியில் குந்தியிருந்தது என்று எல்லா ரகமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் தையல் கடையைச் சாத்திவிட்டு வந்து, முறை வைத்து ஆறேழு விளக்குகளாவது ஏற்றுவேன். எரியாத விளக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது, மடியில் போட்டுத் தாலாட்டவா? இந்தக் கேள்வியைக் கூட்டத்தில் கேட்ட நாளிலிருந்து எனக்கு முதுகுக்குப் பின்னால் ‘சிம்னி அக்கா’ என்று பெயர். அது அன்பால் வைத்த பெயரில்லை.

வைத்தவர் சங்கத் தலைவர். பல் டாக்டர். ஊரார் பல்லைச் சுரண்டுகிற அதே சின்னக் கொக்கியால்தான் பித்தளைத் தகட்டில் பொறித்த எழுத்துக்குள் இருக்கும் அழுக்கையும் சுரண்டுவார். கொக்கியைக் கழுவினீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் அவரிடம் நான் வாயைத் திறப்பது. எந்த விளக்கு எந்தப் பட்டறையில் எந்த வருஷம் செய்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எரிந்தால் அது எப்படி இருக்கும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. ஏட்டுச் சுரைக்காய்.

அந்தச் சனிக்கிழமை சங்கத்தின் முதல் கண்காட்சி. மூடிக் கிடந்த பழைய ஸ்டேஷனின் காத்திருப்பு அறையை ரயில்வே எங்களுக்கு மூன்று நாள் கொடுத்திருந்தது. நாலு மணிக்கு ஒரு பெரிய அதிகாரி வந்து திறந்துவைப்பதாக ஏற்பாடு. நான் என் பங்குக்கு ஐந்து விளக்குகளை எடுத்துக்கொண்டு, தம்பியின் காரில் இரண்டு மணிக்குப் போய் இறங்கினேன். தம்பி நல்லவன். ஆனால் சண்டை என்ற வார்த்தை காதில் விழுந்தாலே கிளம்பிப்போகச் செருப்பைத் தேடுகிறவன்.

அறையின் நடுவில், மற்ற மேஜைகளைவிட உயரமான ஒரு மேஜையில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே ஒரு கைவிளக்கு இருந்தது. கறுப்புத் தகரம். நெற்றியில் பித்தளைத் தகடு, அதில் 214. கைப்பிடி முறிந்த இடத்தில் செம்புக் கம்பி நெருக்கமாகச் சுற்றியிருந்தது. அந்தச் சுற்றைச் சுற்றும்போது கம்பியின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். அதைக் கண்டதும் என் கால் இரண்டும் தரையில் இல்லை. இந்த ஒரு விளக்கைத் தேடித்தான் நான் நாற்பத்து மூன்று விளக்குகளை வாங்கினேன்.

பெட்டியின் மேல் அச்சடித்த அட்டை ஒன்று இருந்தது.

‘விபத்து விளக்கு, எண் 214. பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் விதிக்குப் புறம்பாக நீலக் கண்ணாடியைப் பொருத்தியதால் ரயில் வழியில் நின்று, மூன்று உயிர்கள் பலியாகக் காரணமான விளக்கு.’

அந்த ‘ஒருவர்’ என் அப்பா.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவுக்கு வண்டிகளுக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் வேலை. அன்று காலையிலிருந்தே மழை. கம்பி அறுந்து சிக்னல் வேலை செய்யவில்லை. அப்படி ஆகிவிட்டால் பாயிண்ட்ஸ்மேன் தண்டவாளத்தோரம் போய் நின்று, கைவிளக்கில் பச்சை காட்டி வண்டியை உள்ளே கூப்பிட வேண்டும். அப்பா போய் நின்றார். இருட்டுகிற நேரம். பயணிகள் வண்டி வந்தது. அவருக்கு நூறு அடி முன்னால் நின்றுவிட்டது. பச்சை தெரியவில்லை, என்னவோ நீலமாகத் தெரிகிறது என்றாராம் டிரைவர். சந்தேகம் வந்தால் நிறுத்து என்பது அவர்களுடைய விதி. அப்பா இன்ஜினை நோக்கி ஓடுவதற்குள், பின்னாலேயே வந்த சரக்கு வண்டி வளைவில் திரும்பிக் கடைசிப் பெட்டியில் மோதியது. மூன்று பேர் செத்துப்போனார்கள்.

விசாரணையில் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “ஐயா, வெளக்க ஏத்திப் பாருங்க.” சீல் வைத்த சாட்சிப் பொருள், தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பட்டப்பகலில் ஜன்னலோர மேஜையில் வைத்துப் பார்த்தார்கள். கண்ணாடி நீலமாகத்தான் தெரிந்தது. எப்படித் தெரியாமல் இருக்கும்? எண்ணெய்த் தீ மஞ்சள். அதற்குச் சரியாக வர வேண்டும் என்று, அந்தக் காலத்தில் பச்சைக்கு வைத்த கண்ணாடியே நீலம் கலந்ததுதான். தீயின் மஞ்சளும் கண்ணாடியின் நீலமும் சேர்ந்து வெளியே பச்சையாக விழும். ரயிலில் வேலை பார்த்த எல்லோருக்கும் இது தெரியும். அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. காரணம் உறுதியாகவில்லை என்று எழுதி முடித்துவிட்டு, அப்பாவின் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை அவர் பிளாட்பாரம் பெருக்கினார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பள்ளிக்கூடத்தில் எனக்கு ‘நீலக் கண்ணாடி’ என்று பெயர். பட்டப்பெயர்கள் எனக்குப் புதிதில்லை.

எல்லாம் சொன்னேன், ஒன்றைச் சொல்லவில்லை. சொல்லிவிடுகிறேன். அப்பா அந்தக் கண்ணாடியை மாற்றியது உண்மை.

விபத்துக்கு ஒரு மாதம் முன்னால் பழைய கண்ணாடியில் விரிசல் விழுந்தது. ஸ்டோரில் கேட்டதற்கு, எழுதிக் கொடு, வருவதற்கு ஆறு மாதம் ஆகும் என்றார்கள். அப்பா எங்கிருந்தோ ஒரு நீலத் துண்டைக் கொண்டுவந்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்து அறுத்து மாட்டினார். ஒரு மூலை கோணலாகப் போயிற்று. நானும் தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். வெளியே சொல்லாதீர்கள் என்றார், நாங்கள் சொல்லவில்லை. அது வேறொரு விளக்கின் கண்ணாடியா, உடைந்த மருந்து பாட்டிலா, இன்றுவரை எனக்குத் தெரியாது. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். எங்கள் இருவர் மடியிலும் ஐம்பத்திரண்டு வருஷமாக அந்தத் துண்டு இருந்தது.

பெட்டிக்குள் குனிந்து பார்த்தேன். மூலை கோணலாகத்தான் இருந்தது.

தம்பி என் முழங்கையைப் பிடித்தான். அட்டையை அவனும் படித்துவிட்டான்.

“அக்கா, வேணாம். வா, போயிடலாம்.”

“எதுக்குப் போகணும்?”

“அது அப்பா மாட்டின அதே கண்ணாடி. ஏத்திப் பாருன்னுதான நிப்ப? ஏத்தி, அது நீலமாவே எரிஞ்சா என்ன பண்ணுவ?”

“எரிஞ்சா எரியட்டும்.”

“கெணறு வெட்டப் பூதம் கெளம்பின கதையாயிடும்க்கா. இப்ப அது யாரோ ஒரு பாயிண்ட்ஸ்மேன். நீ வாயத் தொறந்தேன்னா நம்ம அப்பா.”

சின்ன வயதிலிருந்தே அவன் சொல்வதில் நியாயம் இருக்கும். அதனால்தான் எனக்கு அவன்மேல் கோபம் வரும். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அட்டையை மூன்று நாள் ஊரே வந்து படிக்கும், நான் என் ஐந்து விளக்குகளை அடுக்கிவிட்டு அதன் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று நினைத்ததும் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாகிவிட்டது.

“டாக்டர்! இந்த அட்டைய யார் எழுதினது?”

“நான்தான் மேடம். நல்லாருக்கா? எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசாப் போட்டிருக்கலாம். வெளக்கு ரயில்வே குடோன்ல கெடந்தது, போன வாரம்தான் வாங்கிட்டு வந்தேன்.”

“கண்ணாடி நீலம்னு எப்படித் தெரியும்?”

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி அவர் பெட்டியைத் திறந்தார். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, விளக்கின் தலையைத் திருகி, உள்ளே இருக்கும் கண்ணாடிகளில் பச்சைக்கு உரியதை முன்னால் கொண்டுவந்தார். செல்போன் டார்ச்சை உள்ளே காட்டினார். எதிர்ச் சுவரில் நீலமாக ஒரு வட்டம் விழுந்தது. விளக்கு அடுக்கிக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாம் வந்து சுற்றி நின்றார்கள்.

“பாத்தீங்களா? இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அந்த வண்டியோட டிரைவர் பொண்ணே வந்திருக்காங்க. அவங்க அப்பா வீட்ல சொன்னதும் இதேதான்.”

மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவைக் காட்டினார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ஓய்வு பெற்ற நர்ஸாம். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பாவை நான் பார்த்ததில்லை. ஆனால் ஐம்பத்திரண்டு வருஷம் ஒரு நாள் தவறாமல் வெறுத்திருக்கிறேன்.

“டாக்டர், எங்கிட்ட டியூப்லைட்டுக்கு அடியில நின்னு நூல் பாத்து எடுத்துட்டுப் போயிட்டு, வெயில்ல பாத்துட்டு சண்டைக்கு வர்றவங்க மாசத்துக்கு நாலு பேர். கறுப்புன்னு எடுத்தது கருநீலமா இருக்கும். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாக்காம நான் ஊசியில நூல் கோக்கறதில்ல. இது எண்ணெய்க்குன்னு செஞ்ச வெளக்கு. எண்ணெய் ஊத்தாம நெறம் சொல்லலாமா?”

“சங்கத்துக்குன்னு ஒரு சட்டம் இருக்கு, சிம்னி அக்கா.”

முகத்துக்கு நேரே அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நின்றேன்.

“அந்த பாயிண்ட்ஸ்மேன் என் அப்பா.”

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். டாக்டர் கையுறையைக் கழற்றினார். ஆள் கர்வியே தவிரக் கெட்டவர் இல்லை, முகம் வாடிப்போயிற்று.

“மன்னிச்சுக்குங்க. எனக்குத் தெரியாது. ஆனா... உண்மைன்னு ஒண்ணு இருக்கு இல்லையா?”

“அத ஏத்திப் பாத்துட்டு எழுதுங்க.”

டிரைவர் மகள் எழுந்து வந்தார். “எங்கப்பா பொய் சொல்லல. நீலமாத்தான் தெரிஞ்சுதுன்னு சாகற வரைக்கும் சொன்னார்.”

“எங்கப்பாவும் சாகற வரைக்கும்தான் சொன்னார். பச்சைதான் காட்டினேன்னு.”

நான் டாக்டரிடம் திரும்பினேன்.

“நான் ஏத்தறேன். நீலமா எரிஞ்சா, நாலு மணிக்கு அந்த அதிகாரி முன்னாடி உங்க அட்டைய நானே சத்தமா வாசிக்கறேன். எங்கிட்ட இருக்கற நாப்பத்து மூணையும் சங்கத்துக்கே குடுத்துட்டுப் போயிடறேன்.”

டாக்டரின் கண் ஒரு நொடி மின்னியது. என் சிக்னல் கம்பத்து ஜோடியை அவர் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனாலும் சட்டத்தை எழுதியவர் அவர்தான். ஏற்றட்டும் என்று சொன்னது டிரைவர் மகள்தான்.

“ஏத்தட்டும். நானும் பாக்கணும். பாக்காம எத்தன வருஷம்தான் சண்ட போடறது?”

காத்திருப்பு அறைக்குப் பின்னால் பழைய பார்சல் அறை. ஜன்னல் கிடையாது. விளக்கை அங்கே கொண்டுபோய் ஒரு மரப்பெட்டியின் மேல் வைத்தேன். திரி, கத்தரிக்கோல், தீப்பெட்டி இல்லாமல் என் கைப்பை எங்கேயும் போவதில்லை. 214-இன் எண்ணெய்க் குடுவை காய்ந்து கிடந்தது. நான் கொண்டுவந்த விளக்கிலிருந்து எண்ணெயை ஊற்றினேன். புதுத் திரி கோத்து, எண்ணெய் ஏறுவதற்காகப் பத்து நிமிஷம் காத்திருந்தேன். அந்தப் பத்து நிமிஷத்தில் டாக்டர் “சூடு மெதுவா ஏத்துங்க, கண்ணாடி போயிடும்” என்று இரண்டு தரம் சொன்னார். அப்போதும் அவருக்குக் கண்ணாடிமேல்தான் கவலை.

தீக்குச்சியைக் கிழித்தேன். திரி பிடித்தது. சின்னதாக வைத்து, விளக்கின் கதவை மூடினேன்.

எதிர்ச் சுவரில் மங்கலாக ஒன்று விழுந்தது. நீலம்.

“அக்கா...” என்றான் தம்பி.

‘அப்பா, பாட்டிலையா அறுத்தே?’ என்று மனசுக்குள் கேட்டேன். யாரோ பின்னால் பெருமூச்சு விட்டார்கள். திரும்பினேன். அறைக் கதவு ஒரு கை அகலத்துக்குத் திறந்திருந்தது. பகல் வெளிச்சம் நேராகச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. திரியும் இன்னும் ஏறவில்லை. அடியில் இருக்கும் சின்ன நீலத் தீதான் எரிந்துகொண்டிருந்தது. ஞாயிறு தவறாமல் விளக்கேற்றுகிறவள், பதற்றத்தில் முதல் பாடத்தையே மறந்திருந்தேன்.

“கதவச் சாத்துங்க.”

டிரைவர் மகள் போய்ச் சாத்தினார். நான் திரியைத் திருகி ஏற்றினேன். ஒரு சுற்று. இன்னும் அரைச் சுற்று. தீ நிமிர்ந்து மஞ்சளாக நின்றது.

சுவர் பச்சையானது.

வெளிறின பச்சை, நீலப்பச்சை என்றெல்லாம் அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. பச்சை. என் கையில், தம்பியின் சட்டையில், டாக்டரின் வழுக்கைத் தலையில், எல்லாவற்றிலும் பச்சை. நான் அழுதேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், முடியவில்லை. தம்பி என்னை விட்டுவிட்டுச் சுவருக்குப் போய், அந்த வெளிச்சத்துக்குள் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். மருந்து பாட்டில் இல்லை. எங்கேயோ உடைந்துகிடந்த ஒரு சிக்னல் விளக்கில் தேடி எடுத்த சரியான கண்ணாடி. அப்பாவுக்குத் தன் வேலை தெரிந்திருந்தது.

“அடேயப்பா” என்றார் டாக்டர். முப்பது வருஷம் விளக்கு சேர்த்தவர் அவர். ஒரு விளக்கு எரிவதை அன்றைக்குத்தான் பார்க்கிறார். மற்றவர்களும் கிட்டே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். சட்டத்தைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை.

அடுத்த நிமிஷமே டாக்டர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். மேதைகளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

“அப்போ கதையே மாறிடுச்சு! கண்ணாடி சரி, வெளக்கு சரி. டிரைவர் கண்ணுலதான் கோளாறு! நெறக்குருடு! இது இன்னும் பெரிய செய்தி மேடம். ‘டிரைவரின் கண் குறைபாட்டால் மூன்று உயிர் பலி.’ புது அட்ட எழுதிடறேன். உங்க அப்பாவுக்கு நியாயம் கெடச்சுடுச்சு.”

பொய் சொல்ல மாட்டேன். அந்த வரி எனக்கு இனித்தது. ஒன்பது வயதிலிருந்து நான் கேட்க ஆசைப்பட்ட வரி அது. பள்ளிக்கூட வாசலில் நின்று கத்த வேண்டும் என்று நினைத்த வரி. அதை இப்போது இன்னொருவர், அதுவும் சங்கத் தலைவர், அச்சடித்து ஒட்டுகிறேன் என்கிறார். நான் தலையாட்டினால் போதும்.

டிரைவர் மகள் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். நிமிர்ந்திருந்த முதுகு குனிந்துவிட்டது. கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். அப்படி நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என்னைத் தவிர அந்த அறையில் வேறு யாருக்கும் தெரிய வழியில்லை.

“அப்படி எழுதக் கூடாது” என்றேன்.

“ஏன்? நீங்க ஜெயிச்சுட்டீங்களே!”

“அவர் கண்ண நீங்க சோதிச்சீங்களா?”

“அது... இருக்கணும் இல்ல? வேற என்ன காரணம்?”

“மழை இருந்திருக்கும். இன்ஜின் கண்ணாடியில தண்ணி ஓடியிருக்கும். எங்கப்பா திரியக் கம்மியா வெச்சிருப்பார், இப்ப நான் வெச்ச மாதிரி. எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. மொதல்ல பாக்காமயே எங்கப்பாவ எழுதினீங்க. இப்ப பாக்காமயே அவங்கப்பாவ எழுதறீங்க. பல்லு வலின்னு வர்றவனுக்கு வாயத் தொறக்காமயே பல்லப் புடுங்குவீங்களா?”

டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார். “அப்போ என்னதான் எழுதச் சொல்றீங்க?”

“தெரிஞ்சத மட்டும். மொத வரி, பாயிண்ட்ஸ்மேன் கண்ணாடிய அவரே மாத்தினார்னு எழுதுங்க.”

“அக்கா!” என்று தம்பி அலறினான்.

“நான் கண்ணால பாத்தேன் டாக்டர். இவனும் பாத்தான். அம்பத்திரண்டு வருஷமா மறச்சோம். மாத்தினார், மாத்தினது பச்சையா எரியுது. ரெண்டையும் எழுதுங்க. பாதிய மறச்சுட்டு மீதிக்கு நியாயம் கேக்க எனக்கு வெக்கமா இருக்கு.”

சொல்லி முடித்ததும் உடம்பே லேசாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அப்படி ஒன்றும் ஆகவில்லை. தம்பி என்னை முறைத்துக்கொண்டு இருந்தான். பிறகு, என்ன தோன்றியதோ, வெள்ளை அட்டை ஒன்றைத் தேடி எடுத்துவந்து என் கையில் கொடுத்தான். அவன் வாழ்க்கையில் போட்ட முதல் சண்டை அதுதான்.

அச்சுக்கெல்லாம் நேரமில்லை. மரப்பெட்டியின் மேல், அந்த விளக்கு வெளிச்சத்திலேயே, பட்டைப் பேனாவால் எழுதினேன்.

‘எண் 214. இதன் பச்சைக் கண்ணாடியைப் பாயிண்ட்ஸ்மேன் தானே மாற்றினார்.’

‘எண்ணெய் ஊற்றி ஏற்றினால் அது பச்சை காட்டுகிறது.’

‘டிரைவருக்கு அன்று ஏன் நீலமாகத் தெரிந்தது என்று யாருக்கும் தெரியாது.’

டிரைவர் மகள் என் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தார். மூன்றாவது வரியை இரண்டு தரம் படித்தார்.

“இன்னும் ஒண்ணு இருக்கு” என்றார். “எங்கப்பா வீட்ல சொன்னது நீலம் மட்டும் இல்ல. சாப்பிட உக்காரும்போதெல்லாம் இன்னொண்ணும் கேப்பார். ‘எனக்குப் பின்னாடி எவன் அந்த வண்டிய விட்டான்?’ முன்னாடி போன வண்டி ஸ்டேஷனுக்குப் போய்ச் சேராம அடுத்த வண்டிய அந்தப் பாதையில விடக் கூடாது. அது சட்டம். விசாரணையில இதக் கேட்டாராம். ஒக்காருன்னு சொல்லிட்டாங்களாம்.”

எனக்குச் சுரீர் என்றது. பச்சையா நீலமா என்று இரண்டு குடும்பம் ஐம்பத்திரண்டு வருஷம் ஒன்றையொன்று கரித்துக்கொட்டியிருக்கிறோம். மோதிய வண்டியைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததே இல்லை. யோசிக்க விடாமல் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். வண்டி நின்றதற்கு ஒரு பாயிண்ட்ஸ்மேன் பதில் சொல்லலாம், ஒரு டிரைவர் பதில் சொல்லலாம். நின்ற வண்டியின் மேல் இன்னொன்றை ஏவிவிட்டதற்கு மேலே இருக்கிற யாரோதான் பதில் சொல்ல வேண்டும்.

பேனாவை அவரிடம் நீட்டினேன். அவர் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, நர்ஸுகளுக்கே உரிய குண்டு குண்டான எழுத்தில் எழுதினார்.

‘முன்னால் நின்ற வண்டிக்குப் பின்னால் இன்னொரு வண்டியை அனுப்பியது யார் என்று யாரும் விசாரிக்கவில்லை.’

டாக்டர் படித்துவிட்டுப் பதறினார். “ஐயையோ, இது ரயில்வே எடம்மா! அவங்க குடுத்த ரூம்ல உக்காந்துக்கிட்டு அவங்களையே கேக்கறதா? அதிகாரி வர நேரம். மொத மூணு வரி இருக்கட்டும், நாலாவது வேணாம். அப்பறம் அந்த வெளக்க அணைங்க, தயவுசெஞ்சு.”

“அதிகாரி இந்த அட்டையப் படிக்காம வெளக்கு அணையாது.”

“சட்டம்...”

“உங்க சட்டத்தாலதான் டாக்டர் நீங்க இத்தன நாள் குருடா இருந்தீங்க.”

கடுமையாகத்தான் சொன்னேன். அவர் தன் அச்சடித்த அட்டையை எடுத்து இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எங்கள் அட்டையைத் தொடவுமில்லை, தடுக்கவுமில்லை. டிரைவர் மகள் அதை எடுத்துப்போய்ப் பார்சல் அறையின் வாசலில், கண் மட்டத்தில் ஒட்டினார்.

நாலு மணிக்குக் கார் வந்தது. அதிகாரி இளவயதுக்காரர், அந்த விபத்து நடந்தபோது பிறந்திருக்கவே மாட்டார். டாக்டர் அவரை ஒவ்வொரு மேஜையாகக் கூட்டிக்கொண்டு போய், முடிந்தவரை மெதுவாக விளக்கம் சொன்னார். ஆனால் அறை அவ்வளவு பெரியதில்லை. கடைசியில் நடு மேஜையின் காலிக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார் அதிகாரி. டாக்டர் கையைப் பிசைந்தார். அதிகாரியே சுற்றிப் பார்த்துவிட்டுப் பார்சல் அறை வாசலுக்கு வந்தார். அட்டைக்கு முன்னால் நின்றார். நாலாவது வரிக்கு வந்ததும் அவர் முகம் இறுகியது.

“யார் எழுதினது இது?”

“நான்” என்றேன். அதே நேரத்தில் பக்கத்திலிருந்து இன்னொரு “நான்” கேட்டது.

“நீங்க யாரு?”

“வெளக்கு காட்டினவரோட பொண்ணு.”

“வண்டிய நிறுத்தினவரோட பொண்ணு.”

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரயில்வே கட்டடத்துல இப்படி ஒண்ண ஒட்ட முடியாதும்மா. எனக்கு மேல இருக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லணும்.”

“உள்ள வந்து வெளக்கப் பாருங்க சார்” என்றேன். “பாத்துட்டு, இதுல எந்த வரி பொய்யின்னு சொல்லுங்க. அந்த வரிய நானே அடிச்சுடறேன்.”

பேனாவை அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் உள்ளே வந்தார். டிரைவர் மகள் கதவைச் சாத்தினார். அவர் அந்தச் சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

உள்ளே போகும்போது அட்டையில் நாலு வரி இருந்தது. அவர் வெளியே வந்து, பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பேசாமல் காரில் ஏறிப் போனபோதும் நாலு வரி இருந்தது.